ஊர் அருங்காட்சியகத்தைச் சீரமைக்க மக்களிடம் நிதி திரட்டுவது எப்படி?

கேள்வி

வணக்கம். தருமபுரி மாவட்டம் அரூர் வட்டாரத்தில் உள்ள எங்கள் சிற்றூரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், ஏரிக்கரையிலும் வயல்வரப்புகளிலும் கவனிப்பாரற்றுச் சாய்ந்துகிடந்த நடுகற்களை ஊராரின் ஒப்புதலோடு மாட்டுவண்டியில் ஏற்றிவந்து, பயன்பாடின்றிக் கிடந்த பழைய சத்திரத்தில் நிறுத்திவைத்ததே அதன் தொடக்கம். பிறகு ஊர்மக்களும் தங்கள் வீட்டுப் பரண்களில் இருந்த ஓலைச்சுவடிகள், மரக்கால், படி, ஏற்றச்சால், பழைய காசுகள் போன்றவற்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆசிரியர் மறைந்த பின்னர் ஊர்ப்பெரியவர்கள் சிலர் சேர்ந்து ஓர் அறக்கட்டளையைப் பதிவு செய்தார்கள். இப்போது அதன் செயலாளர் பொறுப்பில் நான் இருக்கிறேன்.

சத்திரத்தின் மேற்கூரை மங்களூர் ஓடு வேய்ந்தது. ஓடுகளைத் தாங்கும் கைமரங்களில் பாதிக்கு மேல் கரையான் அரித்துவிட்டது. கடந்த ஐப்பசியில் இரவு முழுவதும் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது, சுவடி அலமாரியின் மேல்தட்டில் தண்ணீர் தேங்கி நின்றது. ஒரு சுவடிக்கட்டின் கயிறு ஊறிப் பருத்து, ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. விரல் நுனியால் பிரிக்க முயன்றேன். ஓர் ஏட்டின் ஓரம் இரண்டு எழுத்துகளோடு பெயர்ந்து என் கையோடு வந்துவிட்டது. அன்று முதல் எனக்கு நிம்மதியில்லை.

பொறியாளர் ஒருவர் பார்வையிட்டு, கூரைக்கு மட்டும் 6 லட்சம் ரூபாயும், சுவர், தரை, மின்கம்பி, காட்சிப் பெட்டிகள் என அனைத்தையும் சேர்த்தால் 22 லட்சம் ரூபாயும் ஆகும் என்று மதிப்பிட்டுக் கொடுத்திருக்கிறார். அறக்கட்டளையின் கையிருப்பு ஒரு லட்சத்தைக்கூட எட்டவில்லை. ஊரில் ஏறத்தாழ 700 குடும்பங்கள் இருக்கின்றன. இளைஞர்கள் பெரும்பாலும் திருப்பூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறார்கள். சிலர் வெளிநாடுகளில் குடியேறிவிட்டார்கள்.

மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்பு, நான் பொறுப்புக்கு வருவதற்கு முன்னர், சுற்றுச்சுவர் கட்டுவதற்கென ஊரில் பணம் வசூலித்தார்கள். சுவர் பாதியில் நின்றது. கணக்கு எவருக்கும் காட்டப்படவில்லை. இன்று நான் யார் வீட்டுப் படியேறினாலும், "அந்தச் சுவர் என்னம்மா ஆச்சு?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கிறது. பெரிய நன்கொடையாளர் ஒருவரைத் தேடுவதா, வீடுதோறும் சென்று சிறு தொகைகளாகக் கேட்பதா, இணையவழியில் திரட்டுவதா? எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1: தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து

அம்மா, வணக்கம். எங்கள் ஊர்ப் படிப்பகத்தையும் அதனோடு இணைந்த சிறு காட்சிக்கூடத்தையும் மக்கள் பணத்தில் சீரமைத்த குழுவில் நானும் இருந்தேன். பெரிய நன்கொடையா சிறிய நன்கொடையா என்பதைப் பிறகு பார்க்கலாம். அதற்கு முன் அந்தச் சுவரின் கணக்கை முடித்துவிடுங்கள்.

பழைய ரசீதுப் புத்தகங்களில் எத்தனை கிடைக்கின்றன என்று தேடுங்கள். அப்போது வேலை செய்த கொத்தனார் இருந்தால் அவரிடமே கேளுங்கள். வந்தது இவ்வளவு, செலவுக்குச் சான்று இருப்பது இவ்வளவு, சான்று இல்லாதது இவ்வளவு என்று மூன்றே வரிகளில் எழுதி, அறக்கட்டளையின் முத்திரையோடு அருங்காட்சியக வாசலிலும் ஊர்ச் சாவடியிலும் ஒட்டுங்கள். எவர் மீதும் குற்றம் சுமத்த வேண்டாம். எவரையும் காப்பாற்றவும் வேண்டாம். கணக்கில் ஓட்டை இருந்தாலும் அதை ஊரறிய ஒப்புக்கொள்ளுங்கள். அடுத்த தொகைக்கு ஊர் உங்களை நம்பும். எங்கள் ஊரிலும் இதே போன்ற பழைய கசப்பு ஒன்று இருந்தது. அந்தத் தாள் ஒட்டப்பட்ட வாரத்தில்தான், அதுவரை எங்களோடு பேசாமலிருந்த பெரியவர் ஒருவர் தாமாக வந்து முதல் நன்கொடையைக் கொடுத்தார்.

அடுத்ததாக, 22 லட்சம் என்ற எண்ணை இப்போது ஊருக்குள் சொல்லாதீர்கள். அந்த எண்ணைக் கேட்டதும், தாம் கொடுக்கும் ஐந்நூறு ரூபாய் எந்த மூலைக்கு என்றுதான் ஒருவருக்குத் தோன்றும். கூரைக்கு மட்டும் கேளுங்கள். அதிலும் எத்தனை கைமரம், எத்தனை ரீப்பர், எத்தனை ஓடு, எத்தனை ஆள்கூலி என்று பிரித்து, ஒவ்வொன்றின் விலையையும் எழுதி வையுங்கள். கோயிலில் விளக்குக்கும் மணிக்கும் உபயம் எழுதிக் கொடுத்துப் பழகிய மக்கள் நாம். "ஒரு கைமரம் என்னுடையது" என்று சொல்லிக்கொள்ள ஒருவருக்கு வாய்ப்பு இருந்தால், அவர் மறுப்பது அரிது. எங்கள் பகுதியில் பேராவூரணிப் பெரியகுளத்தை 2019இல் இளைஞர்கள் திரண்டு தூர்வாரத் தொடங்கியபோது, பணி நடப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே பலர் கை நீட்டிக் கொடுத்தார்கள் என்பதையும் நினைவூட்டுகிறேன்.

பணம் சேர்க்கும் முறைக்கு ஒரு யோசனை. எங்கள் வட்டாரத்திலும் புதுக்கோட்டைப் பக்கத்திலும் ஆடி மாதத்தில், வருபவர்கள் சாப்பிட்டுவிட்டுப் பணம் எழுதிவைக்கும் மொய் விருந்து நடக்கும். 2018இல் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, புதுக்கோட்டை மாவட்டத்தில் தேநீர்க்கடை நடத்தும் ஒருவர் மொய் விருந்து வைத்து, கிடைத்ததை நிவாரணத்துக்கு அளித்தது செய்திகளில் வந்தது. மொய்யின் வலிமை விருந்தில் இல்லை, எழுதிவைக்கும் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. ஊர்ப்பெயர், ஆள்பெயர், தொகை மூன்றும் எல்லோர் முன்னிலையிலும் எழுதப்படும்; எழுதியது அழியாது; நாளைக்கு எவரும் புரட்டிப் பார்க்கலாம். அதே ஒழுங்கை அருங்காட்சியகத்துக்கும் கொண்டுவரலாம். ஒன்றை மட்டும் அழைப்பிதழிலேயே தெளிவாக்கிவிடுங்கள்: வழக்கமான மொய்யைப் போல இது திருப்பிச் செய்ய வேண்டியதன்று, அறத்துக்கு அளிப்பது. இல்லாவிட்டால் பின்னாளில் மனத்தாங்கல் வரும்.

கடைசியாக, உங்களிடம் இருப்பவை என்னவென்று ஊருக்குத் தெரியுமா? உங்களுக்கு அருகிலுள்ள செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்தக் கல்லில் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அதன் பெயரும், கள்ளனைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும் எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பதினான்கு நூற்றாண்டுகளாக ஒரு நாயின் பெயரைக் காத்துவைத்திருக்கும் கல் அது. உங்கள் சத்திரத்தில் நிற்கும் ஒவ்வொரு கல்லுக்கும் இப்படி ஒரு செய்தி இருக்கும். எழுத்துள்ள கற்களைப் படிக்கத் தெரிந்தவரை அழைத்துவந்து படிக்கச் செய்து, கல்லின் முன் பள்ளிப் பிள்ளைகளை நிறுத்தி அதைச் சொல்ல வையுங்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சொல்வார்கள். நீங்கள் வீடுதோறும் செல்வது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

பதில் 2: பட்டயக் கணக்காளர்

மேலே சொல்லப்பட்டவை சரியானவை. சட்டம் தொடர்பான சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

உங்கள் அறக்கட்டளை வருமான வரித்துறையில் பதிவு பெற்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பதிவு இல்லையென்றால், திரளும் நன்கொடையே வரிக்கு உட்படக்கூடும். அதோடு, பேச்சுவழக்கில் 80ஜி எனப்படும் ஒப்புதலும் இருந்தால்தான் கொடுப்பவருக்கு வரிச்சலுகை உண்டு. அந்தச் சலுகையும் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டுமே கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவர்களுக்கும் கிடைக்காது. ஆகவே சிறு தொகைகளை மட்டும் ரொக்கமாகப் பெற்று, மற்றவற்றைக் காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றம் வழியாகப் பெறுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. ரசீது அச்சடிப்பதற்கு முன் உங்கள் தணிக்கையாளரிடம் வாசகத்தைக் காட்டிவிடுங்கள். சீரமைப்புக்கெனத் தனி வங்கிக் கணக்கு தொடங்குவதும், எடுப்பதற்கு மூவரில் இருவர் கையொப்பம் வேண்டும் என்று தீர்மானம் எழுதுவதும் நல்லது. எவருடைய சொந்தக் கைப்பேசி எண்ணோடு இணைந்த கணக்குக்கும் பணம் வரக் கூடாது. அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் கூடாது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் குறித்து மிகுந்த கவனம் தேவை. இந்தியக் குடியுரிமையோடு அயல்நாட்டில் வேலை பார்ப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கிவழி அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் அமெரிக்கக் குடியுரிமையோ சிங்கப்பூர்க் குடியுரிமையோ பெற்றுவிட்டவர், உங்கள் ஊரிலேயே பிறந்தவரானாலும், சட்டத்தின் பார்வையில் அயலவர். அவரிடமிருந்து பெற வேண்டுமானால் 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பணமும் புது டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்கே வர வேண்டும். அனுப்புபவரின் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்று கேட்டுக் குறித்துவையுங்கள். பாசத்தோடு அனுப்பப்பட்ட சிறு தொகைகூட அறக்கட்டளைக்குப் பெரிய சிக்கலாகிவிடக்கூடும்.

பெருநிறுவனங்களை அணுகவும் வழி உண்டு. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் வகுக்கும் சமூகப் பொறுப்பு நிதியைச் செலவிடக்கூடிய துறைகளில் மரபுச் செல்வங்களைப் பாதுகாப்பதும், வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடங்களைச் சீரமைப்பதும் இடம்பெறுகின்றன. ஆனால் உங்களைப் போன்ற அறக்கட்டளை வழியாகச் செலவிட, வரித்துறைப் பதிவுகளோடு மூன்று ஆண்டுச் செயல்பாட்டுச் சான்றும் கேட்பார்கள். முதல் கட்டத்துக்கு அதை நம்பியிருக்க வேண்டாம். கூரையை ஊர்ப்பணத்தில் முடித்துவிட்டு, தணிக்கை செய்த கணக்கோடு அவர்களிடம் போங்கள்.

பதில் 3: பழங்கட்டடச் சீரமைப்பில் ஈடுபட்டிருப்பவர்

நிதியைப் பற்றிய கேள்விதான் என்றாலும், வேலையின் வரிசை தவறினால் திரட்டிய நிதி வீணாகும் என்பதால் எழுதுகிறேன்.

பொறியாளரின் மதிப்பீட்டைக் கொஞ்சம் ஒதுக்கீடு சேர்த்தே ஊருக்குச் சொல்லுங்கள். ஓட்டைப் பிரிக்கும்வரை கைமரத்தின் தலைப்பகுதி, அதாவது சுவருக்குள் புதைந்திருக்கும் பகுதி, எவ்வளவு செத்துப்போயிருக்கிறது என்று எவராலும் சொல்ல முடியாது. 6 லட்சம் என்றால் ஏழாகத் திரட்டுங்கள். மிஞ்சினால் அடுத்த கட்டத்துக்கு ஆகட்டும். பாதியில் நின்ற சுவரைப் பார்த்த ஊரில் கூரையும் பாதியில் நின்றுவிடக் கூடாது.

சத்திரம் சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்டிருந்தால், மலிவு என்பதற்காக அதன் மேல் சிமெண்ட் பூச வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுவதால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை உதிர்த்துவிடும். நீற்றிய சுண்ணாம்பைப் புளிக்கவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்து அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்றும் இருக்கிறார்கள். கூலி கூடுதல்தான். ஆனால் அந்த அரைப்பையே ஒருநாள் ஊர் முன்னிலையில் நடத்திக் காட்டினால், நிதி திரட்டுவதற்கும் அது துணைபுரியும். நடுகற்களையும் சிமெண்டில் நட்டுவிடாதீர்கள். சிமெண்டில் உள்ள உப்பு ஈரத்தோடு கல்லுக்குள் ஏறி, எழுத்துள்ள முகப்பைப் பொரியச் செய்துவிடும். நன்கொடை கொடுத்தவர் ஆசைப்படுகிறார் என்று கற்களுக்கு எனாமல் வண்ணம் அடிப்பதற்கும் இடம் கொடுக்காதீர்கள்.

ஒட்டிக்கொண்ட ஏடுகளை இனிமேல் பிரிக்க முயல வேண்டாம். வெயிலிலும் காட்டாமல், காற்றோட்டமான நிழலில் அப்படியே வைத்திருங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது; தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித் துறை இருக்கிறது. இரண்டில் ஒன்றுக்கு உடனே கடிதம் எழுதுங்கள்.

மற்றொன்று, நூறாண்டுக்கு மேற்பட்ட கற்சிற்பங்களை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவும் புகைப்படத்தோடு கூடிய இருப்புப் பட்டியலும் இருந்தால்தான் எந்தக் கொடையாளரிடமும் தலைநிமிர்ந்து பேச முடியும்.

பதில் 4

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. தொல்பொருள்களைக் காப்பது அரசின் கடமை. மக்களே பணம் போட்டுச் செய்துவிட்டால் அரசு கைகழுவிவிடாதா? நடுகற்களைத் தருமபுரி அரசு அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்துவிடலாம் அல்லவா?

பதில் 1 எழுதியவரின் மறுமொழி

கடமையைக் கேட்பதும் நம் பங்கைச் செய்வதும் ஒன்றுக்கொன்று தடையல்ல. தமிழக அரசின் நமக்கு நாமே திட்டமே மக்கள் தங்கள் பங்கை முதலில் செலுத்த, மீதியை அரசு ஏற்கும் முறைதான். கட்டடம் அறக்கட்டளையுடையதாக இருப்பதால் இந்த நேர்வுக்கு அது பொருந்துமா என்பதை மாவட்ட நிர்வாகத்திடம் கேட்டறிய வேண்டும். ஜப்பானின் தேசிய அறிவியல் அருங்காட்சியகம் அரசு நிறுவனம்தான். மின்கட்டணம் உயர்ந்து திணறியபோது 2023இல் அது மக்களிடம் 10 கோடி யென் கேட்டது. 56,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்து 91 கோடி யென்னுக்கு மேல் கொடுத்தார்கள். தங்களிடம் இருக்கும் மாதிரிகளைக் காக்க இடமும் குளிரூட்டலும் வேண்டும் என்று எதற்காகக் கேட்கிறார்கள் என்பதை அவர்கள் தெளிவாகச் சொன்னார்கள்.

ஒப்படைப்பது பற்றி: கல் எந்த ஊருக்காக எழுப்பப்பட்டதோ அந்த ஊரில் நிற்கும்போதுதான் அதற்கு மாலை போடுகிறவர்கள் இருப்பார்கள். காக்கவே முடியாத நிலை வந்தால் மட்டும் அதை எண்ணிப் பார்க்கலாம்.

பதில் 5: கல்வெட்டு மாணவர்

எல்லோரும் சீரமைப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள். அதற்குப் பிந்தைய பத்தாண்டுகளைப் பற்றியும் பேச வேண்டும். கோயிலில் அணையாமல் எரியும் நந்தா விளக்கு எரிப்பதற்கு நம் முன்னோர் ஒருமுறை நெய் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. 90 அல்லது 96 ஆடுகளை விட்டு, நாள்தோறும் உழக்கு நெய் அளக்கும் பொறுப்பை மன்றாடிகள் எனப்பட்ட ஆயர்களிடம் ஒப்படைத்தார்கள். சாவா மூவாப் பேராடு, அதாவது சாகாத, மூப்படையாத ஆடுகள் என்று கல்வெட்டுகள் அவற்றைக் குறிக்கின்றன. மந்தை பெருகிக்கொண்டே இருப்பதால் எண்ணிக்கை குறையாது, விளக்கும் அணையாது என்பது ஏற்பாடு.

ஆகவே திரட்டும் தொகையில் ஒரு பகுதியைத் தொடக்கத்திலேயே வைப்புநிதியாக ஒதுக்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கரையான் மருந்து, ஓடு மாற்றுதல், காவலர் சம்பளம் ஆகியவற்றுக்கு அதன் வட்டி போதுமானதாக இருந்தால், பத்தாண்டுக்குப் பிறகு மீண்டும் இதே கேள்வியை வேறொருவர் எழுத நேராது. கணக்காளர் ஐயா, இதற்குத் தனி நடைமுறை உண்டா?

பதில் 2 எழுதியவரின் மறுமொழி

உண்டு. இந்தத் தொகை வைப்புநிதிக்கே என்று கொடுப்பவர் எழுத்தில் குறிப்பிட்டுக் கொடுக்க வேண்டும். நீங்களாகப் பின்னர் ஒதுக்கிக்கொள்வது ஒப்பாகாது. சட்டம் அனுமதிக்கும் முதலீடுகளில் மட்டுமே அதை வைக்க முடியும். ரசீதிலேயே "கூரைக்கு", "வைப்புநிதிக்கு" என்று இரண்டு கட்டங்கள் அச்சிட்டு, கொடுப்பவரே குறியிட்டுக் கையொப்பமிடச் செய்வது எளிய வழி.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் என் நன்றி. இந்தப் பதில்களை அச்செடுத்து ஞாயிறன்று அறக்கட்டளைக் கூட்டத்தில் படித்துக் காட்டினேன். சுவர்க் கணக்கைப் பற்றிய பகுதியைப் படித்தபோது கூடத்தில் நெடுநேரம் எவரும் பேசவில்லை. அப்போது பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர், வயது எண்பதைத் தாண்டியவர், மறுநாள் காலையில் ஒரு தகரப் பெட்டியைத் தம் பேரனிடம் கொடுத்தனுப்பினார். உள்ளே மூன்று ரசீதுப் புத்தகங்களும் செங்கல் சூளைக்காரர் எழுதிக்கொடுத்த துண்டுச்சீட்டுகளும் இருந்தன. வரவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்குச் சான்று கிடைத்துவிட்டது. மீதிக்குச் சான்று இல்லை என்று எழுதி நேற்று வாசலில் ஒட்டிவிட்டோம்.

கூரைக்கு 48 கைமரங்கள் தேவைப்படுகின்றன. பட்டியலைக் கரும்பலகையில் எழுதி வைத்திருக்கிறோம். மொய் விருந்து எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை என்றாலும், மாரியம்மன் திருவிழாவுக்கு வெளியூரில் இருப்பவர்கள் எல்லோரும் வருவார்கள் என்பதால், அன்று சத்திரத்து முற்றத்தில் நோட்டு வைத்து எழுதலாம் என்று முடிவாகியிருக்கிறது. ஏடுகளுக்காக எழும்பூருக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன். பெயர்ந்து வந்த அந்தத் துண்டை ஓர் உறையிலிட்டு, எந்தக் கட்டைச் சேர்ந்தது என்று எழுதி, பட்டியலில் சேர்த்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் மீதமிருக்கிறது. கைமரத்துக்கு வேம்பு போதுமா, தேக்குதான் வேண்டுமா என்று ஊரில் இரு கருத்து நிலவுகிறது. பழைய மரத்தில் ஒரு துண்டை அறுத்து வைத்திருக்கிறேன். அது என்ன மரம் என்று எப்படிக் கண்டறிவது என்பதைச் சீரமைப்புப் பணியில் இருப்பவர் சொன்னால், அதற்கேற்ப விலையைப் பலகையில் எழுதிவிடுவேன்.